ஒரு சைபர் கடந்து போன வழி: லேக்லாந்து வார்ஃபரின் வழக்கும் டெக்னீஷியன் வேலையும்

2002-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், லேக்லாந்து என்ற ஊரின் வால்கிரீன்ஸ் மருந்துக் கடையில் ஒரு மருந்துச் சீட்டைக் கணினியில் ஏற்றும்போது, 1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 10 என்று விழுந்தது. மருந்து வார்ஃபரின். இரத்தம் உறைவதைத் தடுப்பது. சீட்டில் இருந்தது 1 மில்லிகிராம் மாத்திரை, நோயாளியின் கைக்குப் போனது 10 மில்லிகிராம் மாத்திரை. அவர் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் உடல் முடங்கியது, புற்றுநோய்ச் சிகிச்சையும் தடைபட்டது. 2007 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு போல்க் மாவட்ட ஜூரி 2.58 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தட்டச்சு செய்தவர் பதின்ம வயது டெக்னீஷியன், அதாவது கடையில் ஃபார்மசிஸ்டுக்கு (உரிமம் பெற்ற மருந்தாளருக்கு) உதவியாக வேலை செய்பவர். அதற்கு முன் சினிமா தியேட்டரில் பாப்கார்ன் விற்றவர் என்ற விவரம் செய்திகளில் வந்ததும், பலருக்கு விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. பாப்கார்ன் விற்ற பிள்ளையிடம் மருந்தைக் கொடுத்தால் வேறென்ன ஆகும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரல் தவறுவது யாருக்கும் நடக்கும், இருபது வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் நடக்கும். தட்டச்சுக்குப் பிறகு இத்தனை கைகளும் கண்களும் இருக்கின்றனவே, அவற்றையெல்லாம் தாண்டி அந்தச் சைபர் எப்படி நோயாளியின் வீடு வரை போனது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. பதில் தேடும்போது 17 வருடம் கழித்து நடந்த இன்னொரு வழக்கும் தேவைப்படும்.

கவுண்டருக்குப் பின்னால்

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த வழக்கு புரியாது. இங்கே மாத்திரை அட்டையோடு வரும். மருந்தின் பெயரும் அளவும் அட்டையின் முதுகில் அச்சாகியிருக்கும். கடைக்காரர் தவறான அட்டையை எடுத்தாலும், வீட்டில் யாராவது திருப்பிப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். அமெரிக்கச் சங்கிலிக் கடையில் பெரும்பாலான மாத்திரைகள் உதிரியாக, நூறு, ஐநூறு, ஆயிரம் என்று பெரிய புட்டிகளில் வந்து இறங்குகின்றன. அதிலிருந்து எண்ணி எடுத்து, ஆரஞ்சு நிறச் சிறு குப்பியில் போட்டு, கணினி அச்சிட்ட லேபிளை ஒட்டித் தருவார்கள். நோயாளிக்குத் தெரிவது அந்த லேபிள் மட்டும்தான். லேபிளில் என்ன வரும் என்பதைத் தீர்மானிப்பது தட்டச்சு. தட்டச்சு செய்வது பெரும்பாலும் டெக்னீஷியன்.

சீட்டு கடைக்குள் வந்ததும் அது கடந்து போகும் படிகளைப் பார்க்கலாம். முதலில் டெக்னீஷியன் அதைக் கணினியில் ஏற்றுகிறார்: நோயாளி யார், மருத்துவர் யார், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை மாத்திரை, எத்தனை நாளைக்கு. அடுத்து இன்ஷூரன்ஸ். விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சில நொடிகளில் பதில் வரும். பணம் தருகிறோம் என்று வந்தால் சந்தோஷம். ‘இவ்வளவு சீக்கிரம் மறுபடி தர முடியாது’, ‘மருத்துவரின் முன் அனுமதி வேண்டும்’ என்று வந்தால் அந்தச் சீட்டு தனி வரிசைக்குப் போய்விடும், அதை அவிழ்க்கத் தொலைபேசியில் அரை மணி நேரம் போகும். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் மாத்திரை எண்ணுவதுதான் இந்த வேலை என்று நினைக்கிறார்கள். வேலையின் பெரும்பகுதி இன்ஷூரன்ஸோடு மல்லுக்கட்டுவது என்பது உள்ளே போன முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் மருந்து எடுப்பது. டெக்னீஷியன் அலமாரியில் இருந்து புட்டியை எடுத்து அதன் பார்கோடைக் காட்டுவார். ஒவ்வொரு தயாரிப்புக்கும் தேசிய மருந்து எண் ஒன்று உண்டு. கணினி எதிர்பார்க்கும் எண்ணும் புட்டியின் எண்ணும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி. தட்டில் கொட்டி, கரண்டி போன்ற தட்டைக் கத்தியால் ஐந்து ஐந்தாக ஒதுக்கி எண்ணி, குப்பியில் போடுவார். பிறகு ஃபார்மசிஸ்ட் சரிபார்ப்பார்: மூலச் சீட்டையும் பதிவையும் ஒப்பிடுவது ஒரு வேலை, குப்பிக்குள் இருக்கும் மாத்திரையையும் லேபிளையும் ஒப்பிடுவது இன்னொரு வேலை. எல்லாம் சரி என்றால் காகிதப் பையில் போட்டு, பெயர் வரிசைப்படி தொங்கவிடுவார்கள். நோயாளி வந்து பிறந்த தேதியைச் சொல்லி, பணம் கட்டி, வாங்கிக்கொண்டு போவார்.

இத்தனை படி இருக்கும்போது பிழை எப்படிக் கடக்கும்? இதை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான்கு பேர் பார்த்தார்கள் என்பதும் நான்கு முறை சரிபார்த்தார்கள் என்பதும் ஒன்றல்ல.

10 ஏன் யாரையும் உறுத்தவில்லை

தட்டச்சில் 10 என்று விழுந்தபின் இன்ஷூரன்ஸ் கணினி அதைப் பார்க்கிறது. வார்ஃபரின் 10 மில்லிகிராம் என்பது சந்தையில் உள்ள மாத்திரைதான். 1, 2, 2.5, 3, 4, 5, 6, 7.5, 10 என்று ஒன்பது அளவுகளில் அது வருகிறது. சிலருக்குத் தினமும் 10 மில்லிகிராம் கொடுப்பதும் உண்டு. ஆகவே இல்லாத அளவு, நடக்காத அளவு என்று எந்த மென்பொருளும் கூச்சல் போட வாய்ப்பு குறைவு. யாராவது 100 என்று அடித்திருந்தால் கணினியே மறுத்திருக்கும், அப்படி ஒரு மாத்திரை கிடையாது. பெரிய பிழை தானாகவே மாட்டிக்கொள்கிறது, நம்பத்தக்க பிழை தப்பித்துவிடுகிறது.

மருந்துப் பட்டியலை எழுத்து வரிசையில் அடுக்கும் மென்பொருளில் இன்னொரு சங்கடம் உண்டு. அந்த வரிசையில் 1-க்கு அடுத்து வருவது 2 அல்ல, 10. கண்ணும் அம்புக்குறியும் ஒரு வரி நழுவினால் அளவு பத்து மடங்காகிவிடும். மருத்துவர்கள் 1.0 என்று எழுதக் கூடாது, வெறும் 1 என்றுதான் எழுத வேண்டும் என்று பாதுகாப்பு அமைப்புகள் ஓயாமல் சொல்வதும் இதனால்தான். புள்ளி மங்கினால் 1.0 என்பது 10.

அடுத்தது பார்கோடு போன்ற பொருள் சோதனை. இந்தக் கருவியைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள், பெருமைக்குக் காரணமும் உண்டு. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் புட்டிகளை மாற்றி எடுக்கும் பிழையை அது ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது. ஆனால் அது எதை எதோடு ஒப்பிடுகிறது? கணினியில் ஏறியதை, கையில் உள்ள புட்டியோடு. கணினி 10 என்கிறது, புட்டியும் 10. பொருத்தம், பச்சை விளக்கு. மருத்துவர் எழுதிய 1 இந்த ஒப்பீட்டில் எங்கேயும் வரவில்லை. உண்மையில் இந்தக் கட்டத்தில் ஒரு டெக்னீஷியன் தற்செயலாகச் சரியான 1 மில்லிகிராம் புட்டியை எடுத்திருந்தால், கருவி அதைத் தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கும்.

குப்பியையும் லேபிளையும் ஒப்பிடும் கடைசிச் சோதனையும் இதே வகை. லேபிள் 10 என்கிறது, உள்ளே இருப்பது 10. ஆக, முதல் படிக்குப் பிறகு நடக்கும் சோதனைகளில் மூலச் சீட்டைத் தொடுவது ஒன்றே ஒன்று: ஃபார்மசிஸ்ட் சீட்டையும் பதிவையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் அந்தச் சில நொடிகள். மற்றவை எல்லாம் தட்டச்சு செய்ததைத் தட்டச்சு செய்ததோடு ஒப்பிடுபவை. அவை எத்தனை இருந்தாலும் தட்டச்சுப் பிழையைப் பிடிக்காது. அதை உறுதிப்படுத்தி முத்திரை குத்தி அனுப்பும்.

அந்தச் சில நொடிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. 10 என்று அச்சிட்டதை முதலில் பார்த்துவிட்டுச் சீட்டைப் பார்த்தால், கண் அங்கேயும் 10-ஐத் தேடும். கிறுக்கலான கையெழுத்தில் தேடியது கிடைத்துவிடும். முதலில் சீட்டைப் படித்து, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான் பதிவைப் பார்க்க வேண்டும் என்று நல்ல ஃபார்மசிஸ்ட்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். லேக்லாந்தில் இந்த வலையிலும் 10 சிக்கவில்லை.

நிறமும் காட்டிக்கொடுத்திருக்கலாம். அமெரிக்காவில் வார்ஃபரின் எந்த நிறுவனம் தயாரித்தாலும் அளவுக்கு ஒரு நிறம்: 1 மில்லிகிராம் இளஞ்சிவப்பு, 5 பீச் நிறம், 10 வெள்ளை. சாயமே சேர்க்காத மாத்திரை அது ஒன்றுதான். பல மாதமாக இந்த மருந்தைச் சாப்பிடுபவர் குப்பியைத் திறந்ததும் ‘என் மாத்திரை ரோஸ் நிறமாச்சே’ என்று கேட்டுவிடுவார். முதல் முறை வாங்குபவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. வெள்ளை மாத்திரை என்றால் வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான்.

மருந்தின் சுபாவமும் இங்கே எதிராக நின்றது. வார்ஃபரின் உடனே வேலை செய்யும் மருந்து அல்ல. ஈரலில் உறைவுப் புரதங்கள் உருவாவதை மெல்லத் தடுத்து, முழுப் பலன் தெரியச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும். முதல் மாத்திரையில் மயக்கமோ வாந்தியோ வந்தால் நோயாளி நிறுத்தியிருப்பார். இதில் எதுவும் தெரியாது. வழக்கமான அளவில் வார்ஃபரின் கொடுக்கும்போது இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற சோதனையை அடிக்கடி செய்து, பெரும்பாலானவர்களுக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருப்பார்கள். ஆனால் 1 மில்லிகிராம் என்பது மிகச் சிறிய அளவு. அந்தக் காலத்தில் புற்றுநோயாளிகளுக்குச் சிரையில் செருகிய சிகிச்சைக் குழாயில் இரத்த உறைவு சேராமல் இருக்க அப்படிக் கொடுப்பது உண்டு, அந்த அளவுக்கு நெருக்கமான இரத்தக் கண்காணிப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. குறைந்த அளவு எழுதப்பட்டதாலேயே, கூடுதல் அளவு போனால் கண்டுபிடிக்கும் சோதனையும் குறைவாக இருக்கும். இப்படியொரு முரண் இந்த மருந்தில் பதுங்கியிருக்கிறது.

லாஸ் வேகஸ், 2019

2002 பழைய காலம், காகிதச் சீட்டுக் காலம், இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று ஒருவர் சொல்லலாம். சரி, மாறிய காலத்துக்கே வருவோம்.

2019-இல் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் பகுதியில் சோதனைக்குழாய் முறையில் கரு வைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, கர்ப்பம் நிலைக்க உதவும் மருந்தை மருத்துவர் பிராண்டுப் பெயரில் எழுதியிருந்தார். சிவிஎஸ் என்ற சங்கிலி மருந்துக் கடையில் டெக்னீஷியன், அந்தப் பிராண்டுக்குள் இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் தனக்குத் தெரியும் என்று நினைத்து ஒரு பெயரைப் பதிவு செய்தார். அது மிசோபிரஸ்டால். வலி மாத்திரைகளால் வரும் வயிற்றுப் புண்ணைத் தடுக்க வந்த மருந்து. கருப்பையைச் சுருங்க வைப்பதால் கருக்கலைப்பிலும் பயன்படுவது. கர்ப்பம் நிலைக்க வேண்டியவருக்கு நேர் எதிரானது. ஃபார்மசிஸ்ட் பார்வையில் அது பிடிபடவில்லை. வாங்க வந்தபோது இன்னொரு ஃபார்மசிஸ்ட் தர வேண்டிய ஆலோசனையும் நடக்கவில்லை. அந்தப் பெண் மருந்தைப் பயன்படுத்தி, கடுமையான வலி வந்த பிறகு பெயரைத் தேடிப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். கர்ப்பம் கலைந்தது. 2023 செப்டம்பரில் மாநில மருந்தியல் வாரியம் கடைக்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது. ஃபார்மசிஸ்ட்கள் இருவரின் உரிமத்தை நிபந்தனையுடன் 12 மாதத்துக்கு நிறுத்திவைத்தது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எண் மாறியது, மற்றதில் பெயர் மாறியது. நடுவில் 17 ஆண்டு. அதற்குள் சீட்டின் படம் திரையிலேயே வந்துவிட்டது, பார்கோடு இல்லாத சங்கிலிக் கடை இல்லை என்றாகிவிட்டது. ஆனால் பிழை நுழைந்த வாசல் அதே தட்டச்சு. தப்பித்த வழியும் அதே: அதற்குப் பிறகு வந்த கருவிகள் எல்லாம் பதிவைத்தான் நம்பின. மிசோபிரஸ்டாலும் இல்லாத மருந்தல்ல. யோனி வழியாகப் பயன்படுத்தவும் என்ற குறிப்பு இரண்டு மருந்துக்கும் பொருந்தக்கூடியது. அந்தப் பெண் கர்ப்பத்துக்காகச் சிகிச்சையில் இருக்கிறார் என்பது கணினிக்குத் தெரியாது. அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

டெக்னீஷியன் தேர்வுக்குப் படிப்பவர்கள் அதிகம் விற்கும் இருநூறு மருந்துகளின் பிராண்டுப் பெயரையும் பொதுப்பெயரையும் மனப்பாடம் செய்வார்கள். தாயத்து மாதிரி அந்தப் பட்டியலைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்கள். அந்த இருநூறில் சிக்கல் இல்லை. இருநூற்றுக்கு வெளியே, அபூர்வமாக வரும் மருந்தில்தான் சிக்கல், கருத்தரிப்புச் சிகிச்சை மருந்துகள் பெரும்பாலும் அந்த வகை. தெரியாத பெயரை எதிர்கொள்ளும் டெக்னீஷியன் செய்ய வேண்டியது எழுந்து போய் ஃபார்மசிஸ்டிடம் கேட்பது. அந்த ஃபார்மசிஸ்ட் ஒரு காதில் தொலைபேசியோடும், கையில் தடுப்பூசியோடும், காரில் இருந்தபடியே மருந்து வாங்கும் டிரைவ்-த்ரூ ஜன்னலில் ஹாரன் சத்தத்தோடும் நிற்கும்போது ‘ஒரு சந்தேகம்’ என்று போய் நிற்பது எளிதல்ல. கேட்டதற்குப் பாராட்டு கிடைக்கும் கடையும் உண்டு, ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை கிடைக்கும் கடையும் உண்டு. எழுத்தில் உள்ள எந்த விதிமுறையையும் விட அந்தப் பார்வைதான் அடுத்த முறை அவர் கேட்பாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிழை எவ்வளவு சாதாரணம்

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆறு நகரங்களில் 50 மருந்துக் கடைகளில் உட்கார்ந்து கவனித்தார்கள். 4,481 சீட்டுகளில் 77 பிழைகள். துல்லியம் 98.3 சதவீதம். பள்ளி மதிப்பெண்ணாக இருந்தால் முதல் ரேங்க். ஆனால் ஒரு நாளைக்கு 250 சீட்டு பார்க்கும் கடையில் இது தினம் நான்கு பிழை. அந்த 77-இல் நோயாளியைப் பாதிக்கக்கூடியவை 5 மட்டுமே. மற்றவை எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடிக் குறைவது, லேபிளில் வாசகம் மாறுவது போன்றவை. நாடு முழுக்க ஆண்டுக்கு வரும் 300 கோடி சீட்டுக்கு இதைப் பெருக்கினால் ஆண்டுக்கு 5.15 கோடி பிழை என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள்.

லேக்லாந்து டெக்னீஷியனை விசித்திரப் பிறவியாகப் பார்க்க எனக்கு மனம் வராததற்கு இந்த எண்கள் ஒரு காரணம். தினம் நான்கு பிழை நடக்கும் வேலையில் ஏதோ ஒன்று வார்ஃபரினில் விழத்தான் செய்யும். அது எந்த மருந்தில் விழுகிறது என்பதை டெக்னீஷியன் தேர்ந்தெடுப்பதில்லை. பயிற்சி தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. வார்ஃபரின் என்ற பெயரைப் பார்த்ததும் ‘இதில் அளவு தவறினால் ஆபத்து’ என்று ஒரு மணி அடிக்க வேண்டும், அது பயிற்சியால் மட்டுமே வரும். இன்சுலின், மூட்டுவாதத்துக்கும் புற்றுநோய்க்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்றவற்றுக்கும் அதே கதை. அன்றைய ஃபுளோரிடாவில் டெக்னீஷியனுக்கு மாநிலப் பதிவும் கிடையாது, கட்டாயப் பயிற்சியும் கிடையாது. கடையே சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்சி. அந்த வழக்குக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் மாநிலம் இரண்டையும் கட்டாயமாக்கியது. தேசிய அளவில் சான்றிதழ் தேர்வு 1995 முதலே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பதா வேண்டாமா என்பது இன்றைக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

சம்பளத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023 மே மாதத்தில் ஒரு டெக்னீஷியனின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 40,300 டாலர். மணிக்குப் பத்தொன்பது டாலர் சொச்சம். மருந்து அளவைக் கணினியில் ஏற்றுபவர், இன்ஷூரன்ஸோடு சண்டை போடுபவர், கவுண்டரில் திட்டு வாங்குபவர் மூவரும் ஒரே ஆள், ஒரே சம்பளம். 2020 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, தகுதி பெற்ற டெக்னீஷியன்கள் கோவிட் காலத்தில் ஃபார்மசிஸ்ட் மேற்பார்வையில் தடுப்பூசி போடலாம் என்று அனுமதித்தது. பலர் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் தட்டச்சு மேசையில் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. 2023 செப்டம்பரில் கான்சஸ் சிட்டி பகுதியில் சிவிஎஸ் ஃபார்மசிஸ்ட்கள் வேலைக்கு வராமல் நின்றதும், அடுத்த மாதம் வால்கிரீன்ஸ் ஊழியர்கள் வெளிநடப்பு செய்ததும் இந்த ஆள் பற்றாக்குறைக்காகத்தான். டெக்னீஷியன் மணிநேரத்தைக் கூட்டுங்கள் என்று ஃபார்மசிஸ்ட் கேட்பது கருணையால் மட்டுமல்ல. டெக்னீஷியன் இல்லாத நேரத்தில் சீட்டை நிதானமாகப் படிக்க வேண்டிய அந்த ஒரே ஜோடிக் கண்கள் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கையெழுத்தாகிப் போன கேள்வி

தட்டச்சுப் பிழையைப் பிடிக்கக்கூடிய இரண்டாவது இடம் ஒன்று உண்டு. அங்கே சீட்டு தேவையில்லை, கணினியும் தேவையில்லை. மருத்துவர் சொன்னதைக் காதால் கேட்ட ஒருவர் அங்கே நிற்கிறார்: நோயாளி.

1990-இல் வந்த மத்திய சட்டம் ஒன்று, 1993 முதல், அரசு மருத்துவ உதவி பெறும் நோயாளிகளுக்கு ஃபார்மசிஸ்ட் ஆலோசனை தர முன்வர வேண்டும் என்றது. மாநிலங்கள் பெரும்பாலும் அதை எல்லா நோயாளிகளுக்கும் விரித்தன. நல்ல சட்டம். நடைமுறையில் அது என்ன ஆனது? பணப்பெட்டியில் நிற்கும் டெக்னீஷியன், ‘ஃபார்மசிஸ்டிடம் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?’ என்பார். பின்னால் ஏழு பேர் நிற்பதைப் பார்த்த நோயாளி ‘இல்லை’ என்பார். சின்னத் திரையில் ஒரு பொத்தானை அழுத்துவார், அல்லது ஒரு கையெழுத்து. முன்வந்தாயிற்று, மறுத்தாயிற்று, சட்டம் நிறைவேறியது. எனக்கு இந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் எரிச்சலைத் தருவது. தவறான மருந்து தன் பையில் இருப்பது தெரியாத ஒருவரிடம், ‘உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா’ என்று கேட்டால் அவருக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

சிகாகோ ட்ரிப்யூன் நிருபர்கள் 2016-இல் இதைச் சோதித்தார்கள். சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்தான இரண்டு மருந்துகளுக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு 255 கடைகளுக்குப் போனார்கள். 52 சதவீதக் கடைகள் எச்சரிக்காமல் இரண்டையும் கொடுத்தனுப்பின. அங்கே கணினி எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வாயைத் திறந்து நோயாளியிடம் பேசுவதற்குத்தான் நேரமில்லை.

அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கான இந்திய சுகாதாரப் பணி என்ற மத்திய அமைப்பில் வேறு ஒரு வழக்கம் உருவானது. மருந்தைக் கொடுக்கும்போது ஃபார்மசிஸ்ட் மூன்று கேள்வி கேட்பார்: இந்த மருந்து எதற்கு என்று டாக்டர் சொன்னார்? எப்படிச் சாப்பிடச் சொன்னார்? என்ன எதிர்பார்க்கலாம் என்றார்? ஏற்கெனவே சாப்பிடுபவராக இருந்தால் குப்பியைத் திறந்து மாத்திரையைக் காட்டி, நீங்கள் சாப்பிடுவது இதுதானா என்பார். மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்ல முடியாது. லாஸ் வேகஸில் முதல் கேள்வியே போதும். ‘கரு தங்குவதற்கு’ என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், மிசோபிரஸ்டால் என்று எழுதிய பையோடு நிற்கும் எந்த ஃபார்மசிஸ்டுக்கும் கை நின்றிருக்கும். லேக்லாந்தில் இரண்டாவது கேள்விக்கு வாய்ப்பு இருந்தது. ரொம்பச் சின்ன அளவு, ஒரு மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னது நோயாளி நினைவில் இருந்தால் லேபிளில் உள்ள 10 இடித்திருக்கும். இல்லாமலும் போயிருக்கலாம். எண்ணைச் சொல்லாத மருத்துவர்கள் உண்டு.

இந்தக் கேள்விகளை டெக்னீஷியன் கேட்க முடியாது. மருந்தைப் பற்றிய ஆலோசனை ஃபார்மசிஸ்ட் மட்டுமே தரலாம், அந்த எல்லையைத் தாண்டினால் டெக்னீஷியன் பதிவுக்கே ஆபத்து. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பையைப் பிரித்து, லேபிளை நோயாளி பக்கம் திருப்பி, பெயரையும் அளவையும் சத்தமாகப் படிக்கலாம். புதிய சீட்டு என்று திரையில் தெரிந்தால், ‘கேட்க ஏதாவது இருக்கிறதா’ என்பதற்குப் பதில், ‘இது உங்களுக்குப் புது மருந்து, ஃபார்மசிஸ்ட் ஒரு நிமிஷம் பேசுவார்’ என்று சொல்லி அவரைக் கூப்பிடலாம். வாசகம் மாறினாலே ‘வேண்டாம்’ என்பவர்கள் குறைந்துவிடுவார்கள். ஃபார்மசிஸ்ட் வந்து தன் குறியீட்டை அடிக்காமல் புதிய மருந்துக்குப் பணப்பெட்டி திறக்காதபடி மென்பொருளை அமைப்பதும் முடியாத காரியம் அல்ல.

தட்டச்சு மேசையிலும் செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு. வார்ஃபரின் போன்ற ஆபத்தான மருந்துகளுக்கு மட்டும், அளவைப் பட்டியலில் இருந்து தேர்ந்தெடுத்த பிறகு அதே எண்ணை இன்னொரு முறை, சீட்டைப் பார்த்து, கையால் அடிக்கச் சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பதிவு நகராது. கடவுச்சொல் மாற்றும்போது நம்மை இரண்டு முறை அடிக்க வைக்கிறார்களே, அதே ஏற்பாடு. ஒரு சீட்டுக்கு மூன்று நான்கு நொடி கூடும். எத்தனை சீட்டு எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று திரையில் நிறம் மாறி எண்ணிக்கொண்டிருக்கும் கடையில் அந்த நான்கு நொடியை யார் கொடுப்பார்கள் என்பது நிர்வாகத்தின் முடிவு. டெக்னீஷியன் கையில் இல்லை.